மாணிக்கத்துக்கு, உன் தோட்டத்துக் காளான்கள் பற்றி

அன்புள்ள மாணிக்கம்,

படங்கள் வந்தன. முழங்கால் தேறி, தடி இல்லாமல் நடக்கிறாய் என்று தங்கச்சி போனில் சொன்னதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் நடக்க ஆரம்பித்த கையோடு ஊட்டிப் பக்கம் பைன் காட்டுச் சரிவில் இறங்கிக் காளான் படம் எடுத்திருக்கிறாயே, அதை டாக்டரிடம் சொன்னாயா? இங்கே எல்லோரும் நலம். பேத்தி எல்.கே.ஜி. போகிறாள். ஒட்டன்சத்திரம் சந்தையில் முருங்கை விலை படுத்துக் கிடக்கிறது, அதைப் பேசினால் கடிதம் முழுக்க அதுவே ஆகிவிடும்.

இந்தக் காளான்களைச் சமைக்கலாமா என்று நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன்: எதையும் பறித்துச் சமைக்காதே. முப்பது வருஷம் தாவரவியல் நடத்தியவன் படத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டானா என்று நீ நினைக்கலாம். மாட்டேன். போன் செயலி ஏதோ ஒரு பேரைச் சொன்னது, அது உண்ணத் தக்கது என்று போட்டிருக்கிறது என்கிறாய். மேலிருந்து எடுத்த ஒரு படத்தை வைத்து அந்தச் செயலி மட்டுமல்ல, அதிலேயே ஊறினவனும் உறுதியாகச் சொல்ல முடியாது. குடைக்கு அடியில் என்ன இருக்கிறது, தண்டின் அடி மண்ணுக்குள் எப்படி இருக்கிறது, எந்த மரத்தடியில் முளைத்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது, நீயோ எல்லாவற்றையும் நின்றபடி மேலிருந்தே எடுத்திருக்கிறாய்.

உன் புல்தரையில் வட்டமாக முளைத்திருக்கும் பெரிய வெள்ளைக் காளான்கள், மேலே பழுப்புச் செதில், தண்டில் மோதிரம் மாதிரி ஒரு வளையம், இதைத்தான் தங்கச்சி மிளகு போட்டு வறுக்கலாமா என்று கேட்டது. என் சந்தேகம் குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ். வெப்ப நாடுகளில் புல்தரை எங்கெங்கே உண்டோ அங்கெல்லாம் வரும், பார்க்க அத்தனை லட்சணமாக இருக்கும், சாப்பிட்டால் சில மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் ஆளைப் புரட்டி எடுத்துவிடும். சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. நன்றாக விரிந்த ஒரு குடையைத் தண்டை நறுக்கிவிட்டு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான காகிதத்தில், குடைக்கு அடியில் தகடு தகடாக இருக்கும் செவுள் கீழே படும்படி கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி ராத்திரி முழுக்க விட்டுவிடு. காலையில் எடுத்தால் செவுள்கள் அப்படியே கோடு கோடாக, மாவில் வரைந்தது போலப் பதிந்திருக்கும். அது முழுக்க வித்துத் தூள். வெள்ளைத் தூள் வெள்ளைக் காகிதத்தில் தெரியாது, அதற்குத்தான் கறுப்பு. மங்கலான பச்சையாக விழுந்தால் நான் சொன்ன ஆள்தான். கடையில் வாங்கும் பட்டன் காளானைக்கூட நன்றாக விரிய விட்டுச் செய்து பார், சாக்லேட் நிறத்தில் விழும், பேரன் வந்தால் செய்து காட்டு.

ஆனால் பதிவு வெள்ளையாக விழுந்துவிட்டால் நல்ல காளான் என்று எடுத்துக்கொள்ளாதே, நான் பயப்படும் அமானிட்டா குடும்பத்துக்கும் வெள்ளைதான். அது அமானிட்டாவா என்று பார்க்க வேண்டுமானால் கத்தியால் மண்ணோடு தோண்டி எடுக்க வேண்டும். தண்டின் அடியில் கிழிந்த முட்டை ஓடு போல ஒரு உறை, மேலே வளையம், வெள்ளைச் செவுள், மூன்றும் சேர்ந்தால் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்துவிடு. தண்டோடு கிள்ளி எடுக்கிறவர்கள் அந்த உறையை மண்ணிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள், அடையாளமே அதுதானே. இதில் கொடிய வகைகளைத் தின்றால் உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வயிற்றைப் பிடிக்கும், அப்புறம் ஒரு நாள் தேறிவிட்ட மாதிரி இருக்கும், ஆள் எழுந்து உட்கார்ந்து கஞ்சிகூடக் குடிப்பான். அந்த நேரத்தில் உள்ளே ஈரல் கரைந்துகொண்டிருக்கும். வேகவைத்தாலும் வெயிலில் காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. 2022 ஏப்ரலில் மேல் அசாமில் காட்டுக் காளான் தின்று 13 பேர் செத்தார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள். பக்கத்து லைன் வீட்டுக்காரர்களிடம் பேச்சுவாக்கில் இதைச் சொல்லி வை. யாராவது தின்றுவிட்டால், சரியாகிவிட்டது என்று சொன்னாலும் விடாமல், மிச்சக் காளானையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்.

மஞ்சள் போட்டுப் பார்ப்பது, வெள்ளிக் காசு கறுக்கிறதா என்று பார்ப்பது, பூச்சி கடித்திருந்தால் நல்லது என்பது, இதெல்லாம் ஒன்றுக்கும் உதவாத சோதனைகள். நத்தை அமானிட்டாவை நிம்மதியாக மேய்ந்துவிட்டுப் போகும், அதன் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு.

சரி, பைன் காட்டில் நீ படம் எடுத்த அந்தச் சிவப்புக் காளானுக்கு வருகிறேன். வெள்ளைப் புள்ளி வைத்த சிவப்புக் குடை, கார்ட்டூனில் வருவது, அது அமானிட்டா மஸ்காரியா. ஐரோப்பாவில் அதைப் பாலில் உடைத்துப் போட்டு ஈ பிடித்தார்கள். தின்றால் உயிர் போவது அபூர்வம், புத்தி பேதலித்துப் புரளலாம். எனக்குச் சுவாரஸ்யம் அது நீலகிரிக்கு எப்படி வந்தது என்பதில். அது நம்மூர்ச் சோலைக் காட்டின் பிள்ளை இல்லை, வெளிநாட்டு மரங்களோடு வந்தது. பைன் வேர் நுனிகளை இந்தப் பூஞ்சை இழைகள் உறை போலப் போர்த்திக்கொண்டு, வேர் எட்டாத இடத்திலிருந்தெல்லாம் பாஸ்பரசும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்கு மரம் இலையில் சமைத்த சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். போர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் நட்டு நட்டுப் பார்த்தும் கன்றுகள் மஞ்சளாகி நின்றுவிட்டன, 1950களில் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கலந்த பிறகுதான் தழைத்தன. அங்கே மண்ணில் இல்லாமல் போனது பூஞ்சைதான். நீ படம் எடுத்த சிவப்புக் குடை, அந்த மரங்கள் கூட்டாளியோடு வந்து குடியேறிவிட்டன என்பதற்குச் சாட்சி. அழகுதான், எனக்கென்னவோ அதைப் பார்த்தால் அந்த இடத்தில் முன்பு இருந்த புல்வெளிதான் ஞாபகம் வருகிறது.

இங்கே கீழே எங்களுக்குப் புற்றுக் காளான் காலம். இடி இடித்தால் முளைக்கும் என்று அம்மா சொல்வார்கள், இடியோடு மழை வருகிறதே. இது ஒன்றைத்தான் நான் தைரியமாகத் தின்கிறேன், காரணம் அதன் முகம் அல்ல, முகவரி. தண்டைப் பிடித்து இழுக்காமல் மெதுவாகத் தோண்டிக்கொண்டே போனால், அது வேர் மாதிரி மெலிந்து மெலிந்து முழங்கை நீளத்துக்கும் மேலே இறங்கி, கறையான் கட்டிய ஒரு கூட்டில் போய் நிற்கும். அந்தக் கூடு பழுப்பு நிறம், பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக, மேலெல்லாம் கடுகளவு வெள்ளை உருண்டைகள். குடையின் நடுவில் கூராக ஒரு மூக்கு இருக்கும், கெட்டி மண்ணைத் துளைத்து வர அதுதான் உளி. கறையான் மட்கையும் சருகையும் தின்று கழித்துக் கூடு கட்டுகிறது, அதில் பூஞ்சை வளர்ந்து மரத்தின் கெட்டிச் சத்தான லிக்னினை உடைத்து மெதுவாக்கிக் கொடுக்கிறது, கறையான் அதைத் தின்று பிழைக்கிறது. பூமியில் மனுஷன் ஏர் பிடிப்பதற்குக் கோடிக்கணக்கான வருஷம் முன்பே நடந்த விவசாயம். வைக்கோலில் சிப்பிக் காளான் வளர்க்கிற மாதிரி இதை வளர்க்க முடியாததும் இந்தக் கறையானால்தான், அதனால்தான் சந்தையில் அந்த விலை. சிறுபாணாற்றுப்படையில்கூட பாணன் வீட்டு ஏழை அடுப்படியில் கறையான் அரித்த சுவர்ப் புழுதியில்தான் காளான் பூக்கிறது, பார்த்து எழுதிய ஆள்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தென்னைக்கு ஆபத்து என்று வரப்போரப் புற்றுகளில் எல்லாம் மருந்தை ஊற்றிவிட்டார். இப்போது காளானும் இல்லை என்று என்னிடம் வந்து வருத்தப்படுகிறார், நான் என்ன சொல்ல! லிக்னினை முழுசாக உடைக்கத் தெரிந்தவை அனேகமாகப் பூஞ்சைகள் மட்டுமே. அவை இல்லாவிட்டால் விழுந்த மரமெல்லாம் விழுந்தபடியே கிடக்கும், அதில் இருக்கிற சத்து மண்ணுக்குத் திரும்பாது. நீ வெட்டி எரிக்கப் போவதாகச் சொன்ன சில்வர் ஓக் கட்டை, அதில் தட்டு தட்டாகப் பூஞ்சை முளைத்திருக்கிறதே, தயவுசெய்து அதை அப்படியே விட்டுவிடு. உனக்கு விறகு வேறு கிடைக்கும்.

புல்தரைக் காளான்களை மிதித்து அழிக்கவும் வேண்டாம், தொட்டால் ஒன்றும் ஆகாது, நாய்க்குட்டி மட்டும் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை படம் எடுத்தால் செவுள் ஒன்று, தோண்டிய அடி ஒன்று, பக்கத்து மரம் ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசையும் வைத்து அனுப்பு. தீபாவளி முடிந்து நாங்கள் இருவரும் வரலாம் என்றிருக்கிறோம், மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸா, காரா என்று நீயே முடிவு செய்து சொல், இவளுக்கு மலைப் பாதையில் தலை சுற்றும்.

உன்
சுந்தரம்