செவ்வாய்க்கிழமைப் பட்டியலையும் சேர்த்துக் காட்டுங்கள்

பிபிசி ஃபோர் அலைவரிசையின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனின் வாராந்திர இசைத்தட்டு விற்பனைப் பட்டியலை வைத்துப் பாடல்களைக் காட்டிய 'டாப் ஆஃப் த பாப்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியை, அதன் 1976ஆம் ஆண்டுப் பதிவுகளிலிருந்து வரிசையாக மறுஒளிபரப்ப 2011 ஏப்ரலில் தொடங்கினீர்கள். அதற்கு எங்கள் மனமார்ந்த நன்றி. ஆனால் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று புரிவதில்லை: ஒரு வாரத்தில் இந்த இசைக்குழுவை ஏன் அழைத்தார்கள், அந்தக் குழுவை ஏன் விட்டார்கள்? எல்லாம் தயாரிப்பாளரின் ரசனை என்று எண்ணிவிடுகிறார்கள். ரசனை நுழைய அங்கே இருந்த சந்து மிகச் சிறியது.

1964 ஜனவரி 1 அன்று, மான்செஸ்டரின் ரஷோம் பகுதியில் முன்பு தேவாலயமாக இருந்த கட்டடத்தில் நிகழ்ச்சி தொடங்கியபோதே அதன் தயாரிப்பாளர் ஜானி ஸ்டூவர்ட் விதிகளை வகுத்துவிட்டார். முதலிடப் பாடலோடுதான் முடிக்க வேண்டும். அதைத் தவிர வேறெந்தப் பாடலும் அடுத்தடுத்த வாரங்களில் வரக்கூடாது. பட்டியலில் இறங்கும் பாடலுக்கு இடமில்லை. புதிதாக நுழைந்தவற்றில் உச்சத்தில் இருப்பதற்கும், அதிகப் படிகள் ஏறியதற்கும் முன்னுரிமை. பின்னாளில் சில வாரங்களில் விதி வளைந்தது உண்டு. ஆனாலும் தேர்வின் முதுகெலும்பு இதுதான்.

எழுபதுகளில் வேலை நடந்த விதத்தைப் பாருங்கள். கடைகள் விற்பனைக் குறிப்பேட்டில் எழுதி அனுப்பிய கணக்கிலிருந்து பிஎம்ஆர்பி என்ற சந்தை ஆய்வு நிறுவனம் தயாரித்த பட்டியல் செவ்வாயன்று வெளியாகும். புதனன்று படப்பதிவு, வியாழனன்று ஒளிபரப்பு. ஆக, பட்டியல் கைக்கு வந்தபின் ஒரே நாள்தான். இறங்கியவற்றை அடித்து, போன வாரம் வந்தவற்றை அடித்தால், பட்டியலின் முதல் முப்பது பாடல்களில் மிஞ்சுவது கொஞ்சம். அதிலும் அமெரிக்காவில் இருப்பவர்களை அந்த ஒரு நாளுக்குள் வரவழைக்க முடியாது. படச்சுருள் இருந்தால் அது ஓடும். இல்லாவிட்டால் பான்ஸ் பீப்பிள் நடனக் குழு ஆடும். ஒத்திகை பார்த்துவைத்த பாடல் செவ்வாயன்று இறங்கிவிட்டால், அந்த நடனத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு பாடலுக்கு ஆட்டம் அமைக்க வேண்டும். நடனங்களை இடைநிரப்பு என்று வெட்டாதீர்கள் என நாங்கள் மன்றாடுவது அதனால்தான். அரை மணி நேரத்துக்குள் அடக்க நீங்கள் வெட்டும் ஒவ்வொரு பகுதியோடும், தேர்வின் காரணமும் போய்விடுகிறது.

தேர்வானபின் இன்னொரு தடை. 1966 முதல் இசைக்கலைஞர் சங்கத்தின் வற்புறுத்தலால், இசைத்தட்டை ஓடவிட்டு வாயசைக்க முடியாது. நேரடியாகப் பாட வேண்டும், அல்லது பின்னணி இசையைப் புதிதாகப் பதிய வேண்டும். மாதக்கணக்கில் அடுக்கடுக்காகச் சேர்த்த ஒலியை ஒரே அமர்வில் மறுபடி எடுப்பது எப்படி? பலர் புதிதாகப் பதிந்ததற்குப் பதிலாகப் பழைய நாடாவையே யாருக்கும் தெரியாமல் மாற்றிக் கொடுத்தார்கள். அப்படிச் செய்யாத தனிப்பாடகர் நிகழ்ச்சியின் வாத்தியக் குழுவான ஜானி பியர்சன் குழுவின் வாசிப்போடு பாடும்போது, இசைத்தட்டில் கேட்ட பாட்டா இது என்று தோன்றும். அது பாடகரின் குறையல்ல.

விதிகளே நிகழ்ச்சியின் கழுத்தை இறுக்கிய காலமும் உண்டு. 1991இல் பாடகர் பிரையன் ஆடம்ஸ் தொடர்ந்து 16 வாரம் முதலிடத்தில் இருந்தார். ஒவ்வொரு வாரமும் அதே முடிவு. தொண்ணூறுகளில் முதல் வாரத் தள்ளுபடி விலையால் பாடல்கள் உச்சியில் நுழைந்து மறுவாரமே சரிந்தன. இறங்குவதைக் காட்டக்கூடாது என்றால், நாடே கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டுக்கு ஒரே ஒரு வாய்ப்பு! பிறகு விதியைத் தளர்த்தியதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். 1984இல் பிபிசியே தடைசெய்த பாடல் 5 வாரம் முதலிடம் பிடித்தபோது, முதலிடப் பாடல் இல்லாமலே நிகழ்ச்சி முடிந்தது. விளக்கக் குறிப்பு இல்லாமல் இதை எந்தப் புதுப் பார்வையாளர் புரிந்துகொள்வார்?

எனவே எங்கள் கோரிக்கை. ஒவ்வொரு பாடலும் தொடங்கும்போது திரையின் ஓரத்தில் இந்த வார இடம், போன வார இடம் என்ற இரண்டு எண்களைப் போடுங்கள். ஆள் வராததால் நடனம் என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். அறுபதுகளின் நாடாக்களில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டுவிட்டன. படம் இனித் திரும்பாது. ஆனால் எந்த நாளில் என்ன ஒளிபரப்பானது என்ற தாள்கள் ரெடிங் அருகே கேவர்ஷத்தில் உள்ள உங்கள் எழுத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1964ஆம் ஆண்டுத் தாள்களிலிருந்து தொடங்கி, அந்தந்த வாரப் பட்டியலோடு பக்கத்தில் பக்கமாக வைத்து வெளியிடுங்கள்.