மூட்டையை இறக்க ஓர் இடம்

மாளிகை அருங்காட்சியக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். முதுகுப் பையோடு உள்ளே விடமாட்டோம் என்ற உங்கள் விதியோடு எனக்குச் சண்டை இல்லை. பை மாட்டியவருக்குத் தன் முதுகின் அகலம் தெரியாது. குறுகலான மாடிப்படியில் ஒருமுறை திரும்பினால் போதும், பழைய கண்ணாடி விளக்கு தரையில் கிடக்கும். நனைந்த கூடாரத்தைக் கொண்டுவந்தால் ஈரம் ஏறித் திரைச்சீலையில் பூஞ்சை பிடிக்கும். அந்தத் துணிகள் வெளுக்காமலிருக்க 50 லக்ஸ் என்ற மங்கலான அளவுக்கு மேல் வெளிச்சம்கூட விடாதவர்கள் நீங்கள். எல்லாம் சரி. அந்தப் பையை நாங்கள் எங்கே வைப்பது?

சென்ற சனிக்கிழமை பக்கத்து முகாம் திடலில் 11 மணிக்குள் கூடாரத்தைப் பிரித்தாக வேண்டும். வழிகாட்டியோடு மாளிகையைப் பார்க்கும் உங்கள் முதல் சுற்று 11.30-க்கு. நடந்தே வந்த எங்களுக்கு வீடே முதுகில்தான். "பை வெளியே இருக்கட்டும், ஆனால் நாங்கள் பொறுப்பில்லை" என்று வாசலில் மரியாதையாகத்தான் சொன்னார்கள். மனைவி உள்ளே போனார். நான் தூறலில் மூட்டைகளுக்குக் காவல், ஒன்றேகால் மணி நேரம். அவர் வந்ததும் நான் போகலாம் என்றால், சீட்டு அந்தச் சுற்றுக்கு மட்டும்தானாம். இரண்டு சீட்டு வாங்கி ஒருவர் பார்த்தோம்.

அப்புறம் மனைவி சொன்ன செய்திதான் உறுத்துகிறது. அந்தக் காலத்தில் விருந்தாளிகளின் பெட்டி படுக்கையை வைக்கவே வாசலோரம் ஓர் அறை இருந்ததாம். உங்கள் வழிகாட்டியே பெருமையாகச் சொன்னாராம். இப்போது அது நினைவுப்பொருள் கடை. மாளிகைப் படம் அச்சிட்ட முதுகுப் பை அங்கே கிடைக்கிறது. அதை வாங்கி மாட்டிக்கொண்டால் அதையும் வெளியே வைக்கச் சொல்வீர்களோ என்னவோ!

முகாம் திடலில் "நடந்து வாருங்கள்" என்று பலகை வைத்து அழைப்பவர்களும் நீங்கள்தான். நடந்து வருகிறவன் கையை வீசிக்கொண்டா வருவான்? கார்கள் நிற்க நிழலோடு இடம் இருக்கிறது, மூட்டை இறக்க நாலடி இல்லை. எங்கே போனாலும் இதே கதை, காரில் வருபவர்தான் விருந்தாளி.

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: பை வைக்கப் பூட்டுள்ள ஓர் அலமாரி. கட்டணம் வாங்கினாலும் சரி. அது வரும்வரை, காவல் நிற்கிறவரை அடுத்த சுற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் சீட்டு இன்னும் கிழிபடாமல் என்னிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
வாசலோடு திரும்பிய பார்வையாளன்