முதுகில் காது வைத்தவர்களுக்கு

என் மனைவிக்கு 11 வருடங்களாக முடக்குவாதம். விரல் மூட்டுகள்தான் எங்கள் கவலை. நெஞ்சைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. சென்ற நல்லூர்த் தேரன்று வீதியில் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். வெயில் என்றோம். பிறகு கிணற்றடியிலிருந்து குசினிக்கு ஒரு வாளி தண்ணீர் கொண்டுவருவதற்குள் இரண்டு தரம் நின்றார். வறட்டு இருமல் வேறு. ஓரிடத்தில் ஆஸ்துமா என்று பம்ப் கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். ஐந்து மாதங்கள் அப்படியே போயின.

முதல் நன்றி, யாழ். போதனா வைத்தியசாலையின் அந்த இளம் பெண் வைத்தியருக்கு. மூட்டுகளைப் பார்த்து முடித்தவர், முதுகின் அடிப்பக்கத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு இரத்த அழுத்தம் பார்க்கும் கைப்பட்டியை என் காதருகே மெல்லப் பிரித்தார். சர்ரென்றது. "உள்ளே கேட்பது இந்தச் சத்தம்தான், ஐயா" என்றார். மூட்டைத் தாக்கும் அதே நோய் நுரையீரலிலும் தழும்பேற்றும் என்பதையும், ஆரம்பத்தில் எக்ஸ்ரேக்கு அது தப்பிவிடலாம் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். 35 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவனுக்கு வெட்கம்தான்.

சி.ரி. ஸ்கான் உறுதிசெய்தது. ஆறு நிமிட நடைப் பரிசோதனையில் விரலில் மாட்டிய கருவி காட்டிய இரத்த ஒட்சிசன் அளவு 96இலிருந்து 87 வீதத்துக்கு இறங்கியபோது, கூட நடந்த தாதி என் மனைவியின் கையை விடவேயில்லை. அவருக்கும் நன்றி. மூட்டு நோய்க்காகக் கிழமைக்கொருமுறை எடுத்துவந்த மீதோட்ரெக்சேட் மருந்து அரிதாக நுரையீரலில் அழற்சி உண்டாக்கும் என்பதால் அதையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது மைக்கோபீனோலேட். அது எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்து. ஆகவே தடிமன், காய்ச்சலோடு வந்த உறவினர்களைப் படலையிலேயே நிறுத்தினோம். கோபிக்காமல் அங்கிருந்தபடியே நலம் விசாரித்துப் போனீர்கள்.

அயல்வீட்டு அண்ணருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 40 வருடங்களாகப் பொழுதுபடச் சருகு கூட்டி எரித்தவர். நாங்கள் கேட்கவில்லை, இப்போது வாழையடியில் தாட்டுவிடுகிறார். எங்கள் விறகடுப்பும் அணைந்துவிட்டது. குழம்பின் ருசி போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

நடுச்சாமத்தில் ஓட்டோ கொண்டுவந்து காசு வாங்க மறுத்த தம்பிக்கும், பெயர் போட வேண்டாம் என்று ஒட்சிசன் இயந்திரம் இரவல் தந்த குடும்பத்துக்கும் நன்றி. இயந்திரத்தை வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறோம். மூக்குக் குழாய் மட்டும் புதிதாக மாற்றவேண்டியிருக்கிறது.

கணவரும் பிள்ளைகளும்,
கோண்டாவில்.