பாம்பன் ஸ்டேஷனிலிருந்து ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

பாம்பன் ஸ்டேஷன் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். 2022 டிசம்பரில் பழைய கடல் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள் அல்லவா, அதிலிருந்து இரண்டு வருஷத்துக்கும் மேல் பிளாட்பாரம் வெறிச்சோடிக் கிடந்தது. ராமேஸ்வரம் தீவுக்கு வருகிறவர்கள் அக்கரையிலேயே இறங்கி பஸ் பிடித்தார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்த பிறகுதான் ஸ்டேஷனுக்கு உயிர் வந்தது.

புதுத் தூக்குப்பாலத்தை நீ நேரில் பார்க்க வேண்டும். கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி நேராக மேலே ஏறுகிறது. எல்லாம் மோட்டார் வேலை. நம் காலத்தில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கம்பியைத் தள்ளித் தள்ளிச் சுற்றுவார்கள். பாலம் நடுவில் பிளந்து, இரண்டு பாதியும் மெல்ல மெல்ல வானத்தைப் பார்த்து நிமிரும். கிரீஸும் வியர்வையுமாக அவர்கள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறோம்.

அந்தப் பழைய பாலத்தைக் கழற்றிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. அதுதான் மனதை அரிக்கிறது. 1914-ல் திறந்த பாலம். 1964 புயலில் 126 கர்டர்கள், அதான் தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்கள், கடலோடு போயும் தூக்குப்பாலம் அசையாமல் நின்றது. கடலில் கிடந்த கர்டர்களையே தேடி எடுத்துப் பொருத்தி, ரயில்வே என்ஜினியர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் ரயிலை ஓடவிட்டார்கள்.

பாம்பன் அப்போது ஜங்ஷன். ஒரு லைன் ராமேஸ்வரத்துக்கு, இன்னொன்று தனுஷ்கோடிக்கு. போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் தனுஷ்கோடியில் கப்பலேறி இலங்கையின் தலைமன்னார் போனார்கள். புயலடித்த டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி பாசஞ்சர் கிளம்பியதும் இங்கிருந்துதான். நூறு பேருக்கு மேல் ஏறிப் போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. இன்று இங்கே இறங்குகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும், சொல்?

என் ஆசை இதுதான். துருப்பிடித்த பாலம் முழுவதையும் கடலில் வைத்திருக்க முடியாது, சரி. தூக்குப்பாலத்தின் ஒரு பாதியையாவது கரைக்குக் கொண்டுவந்து ஸ்டேஷன் பக்கத்தில் நிறுத்தட்டும். அந்தச் சுற்றுக்கம்பியும் சேர்ந்து இருக்கட்டும். பக்கத்திலேயே அந்த பாசஞ்சரில் போனவர்கள் நினைவாக ஒரு கல்வெட்டு. இதையெல்லாம் எழுதி ரயில்வேக்கு ஒரு மனு தயார் செய்திருக்கிறேன். நீயும் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்புறம், ஆடி அமாவாசைக்கு வருவதாக எழுதியிருந்தாயே, பகல் வண்டியாகப் பார்த்து ஏறு. ராமேஸ்வரம் வரை போகாதே, பாம்பனிலேயே இறங்கிவிடு. நான் வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்