எனக்குக் கைகொடுத்த வெளிச்சம்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனை வைத்த பிறகும் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கன்னத்தில் கறுப்பாகப் படர்ந்த மங்குக்கு நீல வெளிச்சம் தரும் எல்.இ.டி. முகமூடி வாங்கப் போகிறாயாம். "உங்களுக்கே லைட் வைத்துத்தானேப்பா சரியாச்சு?" என்றாய். அங்கேதான் இடிக்கிறது.

எனக்கு வந்தது வெண்புள்ளி. அந்த இடங்களில் நிறம் தரும் செல்களே அழிந்துபோயிருந்தன. முடியின் வேரோரம் மிச்சமிருப்பவற்றைத் தட்டி எழுப்பத்தான் 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிர். வாரத்துக்கு மூன்று நாள், கண்ணை மறைத்துக்கொண்டு, குழல்விளக்குகள் சுற்றி நிற்கும் அந்தக் கூண்டுக்குள் நிற்பேன். முதல் நாள் சில நொடிகள்தான். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எரிச்சல் வந்தது. தோல் லேசாகச் சிவந்து மறுநாளைக்குள் அடங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து நேரத்தைக் கூட்டினார்கள். மாதக்கணக்கில் போன பிறகுதான் வெள்ளைக்கு நடுவே மிளகுப்பொடி தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தன. முகத்தில் நிறம் நிறைந்துவிட்டது. விரல்நுனி இன்னும் வெள்ளைதான். அங்கே முடியே இல்லையே, செல் எங்கிருந்து வரும்?

உன் கதை நேர்மாறு. உன் கன்னத்தில் அந்தச் செல்கள் ஏற்கெனவே தேவைக்கு மேல் வேலை செய்கின்றன. நம்மைப் போன்ற கறுத்த தோலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே, அதிலும் நீலம், அவற்றை இன்னும் கிளறிவிடும். முகப்பருக் கிருமிக்கு நீல வெளிச்சம் உதவும், சரி. மங்குக்கு அதைக் காட்டுவது எரிகிற அடுப்பில் விறகு செருகுவதுதான்.

லேசர் பற்றியும் கேட்டாய். நம் தோலில் நிறமி அதிகம் என்பதால் கதிரின் சூட்டை மேலேயே வாங்கிக்கொள்ளும். பொசுங்கினால் பழைய கறுப்பைவிட அடர்ந்த தழும்பு விழும். 1064 நானோமீட்டர் லேசரை நிறமி குறைவாகவே உறிஞ்சும், அதனால் ஆபத்து கொஞ்சம் குறைவு. அதையும் தோல் டாக்டர் சிறு இடத்தில் சோதித்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். அப்புறமும் மங்கு திரும்பி வரலாம்.

நீ பூசும் சாதாரண சன்ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அவ்வளவாகத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் வகையை வாங்கு. ஜன்னலோர மேஜையையும் உள்ளே தள்ளிப் போடு.

டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரைகளை மறைக்காமல் சொல். கருத்தடை மாத்திரையாலும் மங்கு வருமாம். இதை அம்மா எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா