பிள்ளைக்கு நம்பிக்கையைக் கொடுப்பது பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று படித்ததும்தான் நிம்மதி வந்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் என் உயரத்துக்கு வந்துவிட்டாள். சின்னவன் எதைச் சொன்னாலும் "ஏன்?" என்கிறான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். எந்த மதத்தையும் சொல்லித்தராமல் வளர்த்து, பெரியவனானதும் அவனே தேர்ந்தெடுக்கட்டும் என்கிறாய் நீ. தன் பிரார்த்தனைகளைப் பிள்ளைக்குச் சொல்லித்தராமல் இருக்க உன் மனைவிக்கு மனம் வரவில்லை. நான் இதில் அவர் பக்கம்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

ஒன்றுமே சொல்லித்தராத வளர்ப்பு என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லை அவர் தந்தை ஜேம்ஸ் மில் மதம் இல்லாமலேயே வளர்த்தார். தந்தை ஒரு காலத்தில் மதப் பிரசங்கம் செய்ய உரிமம் பெற்றவர். பிறகு நம்பிக்கை இழந்தவர். உலகம் எப்படித் தோன்றியது என்பது யாருக்கும் தெரியாது என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதை வெளியே சொல்லிக்கொள்ள வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். அதுவும் ஒரு போதனைதானே? நீ வாயே திறக்காவிட்டாலும், உன் மனைவி கண்மூடி நிற்கும்போது நீ எழுந்து வெளியே போவதைப் பார்த்தே உன் மகன் நிறையக் கற்றுக்கொள்வான்.

அதனால் இருவரும் மனதில் இருப்பதை மறைக்காமல் இருங்கள். அம்மா இதை நம்புகிறாள், அப்பாவுக்கு அந்த நம்பிக்கை இல்லை என்று அவனிடமே சொல்லலாம். அன்புள்ள இரண்டு பேர் வேறு வேறாக நினைக்க முடியும் என்பதைப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள்.

இனி என் நிபந்தனை. பயத்தை மட்டும் கொடுக்காதீர்கள். கதை, பாட்டு, வழிபாடு, நன்றி சொல்லும் பழக்கம் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். வளர்ந்தபின் வேண்டாமென்று தோன்றினால் அவற்றை அவன் எளிதாக விட்டுவிடுவான். சந்தேகப்பட்டாலே தண்டனை, கேள்வி கேட்டாலே பாவம் என்று ஐந்து வயதில் ஏறிய பயம் அப்படி இறங்காது. நம்பிக்கை போன பிறகும் அந்தப் பயம் மட்டும் தங்கிவிட்டவர்களை எனக்குத் தெரியும். நோய் வந்தால்கூட, எதற்கான தண்டனை இது என்று தேடுகிறார்கள். பிள்ளையை அடக்க இதைவிடச் சுலபமான வழி பெற்றோருக்கு இல்லை. அதனால்தான் அதைத் தொடவே கூடாது என்கிறேன்.

இன்னொன்று, அவன் வேண்டாம் என்று சொல்லும் நாளுக்கு இப்போதே தயாராகுங்கள். ஜெர்மனியில் 1921-இல் வந்த ஒரு சட்டப்படி 14 வயதான பிள்ளை தன் மதத்தைத் தானே முடிவு செய்யலாம். 12 வயதுக்குமேல், அதுவரை வளர்ந்த மதத்திலிருந்து வேறொன்றுக்கு அவன் விருப்பமில்லாமல் மாற்ற முடியாது. 1989-இல் ஐக்கிய நாடுகள் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையும் மனச்சாட்சிச் சுதந்திரம் பிள்ளைக்கே உரியது என்கிறது. பெற்றோர் வழிகாட்டலாம், ஆனால் பிள்ளையின் வளரும் பக்குவத்துக்கு ஏற்றபடி.

அமெரிக்காவில் ஆமிஷ் என்று ஒரு கிறிஸ்தவப் பிரிவு உண்டு, நவீன வசதிகளிலிருந்து ஒதுங்கி எளிமையாக வாழ்பவர்கள். அவர்களில் பெற்றோர் சிலர், எட்டாம் வகுப்போடு பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். அதற்குமேல் படிப்பது தங்கள் மதவாழ்வைக் குலைக்கும் என்றார்கள். 1972-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி டக்ளஸ் மட்டும், பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்க வேண்டாமா என்று எழுதினார். அந்தக் கேள்வியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நான் நம்பிக்கை உள்ளவன், உனக்குத் தெரியும். என் பிள்ளைகளையும் அதில்தான் வளர்க்கிறேன். போன மாதம் பெரியவள், இனிமேல் வழிபாட்டுக்கு வரவில்லை என்றாள். எனக்கு வருத்தம்தான், அதை அவளிடம் சொன்னேன். வற்புறுத்தவில்லை. அவள் வராத நேரத்தில் வீட்டில் யாரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளக் கூடாது என்று மற்றவர்களிடமும் சொல்லிவிட்டேன்.

உன் மனைவியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. பயம் பற்றி நான் எழுதியதில் அவருக்கு உடன்பாடு இல்லையென்றால், அவரையே எனக்கு எழுதச் சொல். அப்புறம், பிள்ளைக்குப் பெயர் முடிவாகிவிட்டதா? அதை நீ எழுதவே இல்லையே.

அன்புடன்,
உன் நண்பன்