ஏரிக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது

அன்புள்ள மகளுக்கு,

அமெரிக்காவில் கலிஃபோர்னியா, நெவாடா எல்லையிலுள்ள தாஹோ ஏரிக்கரையிலிருந்து நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்ணீருக்கடியில் கிடக்கும் கல்லின் நிழல்கூடத் தெரிகிறது. எண்பதடி ஆழத்திலும் தரை தெரியும், படகு அந்தரத்தில் மிதப்பதுபோல் இருக்கும் என்று அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் எழுதியதைச் சின்ன வயதில் உனக்கு வாசித்துக் காட்டினேனே, அந்தத் தண்ணீரேதான்.

அங்குள்ள ஒரு சிறு குடாவுக்கு அவர் பெயரைச் சூட்டும் யோசனை 2014-இல் நெவாடாவின் புவியியல் பெயர்க் குழுவுக்கு வந்தது, அந்த ஏரிப் பகுதியின் பூர்வகுடிகளான வாஷோ பழங்குடியினர் எதிர்த்ததும் கிடப்பில் போட்டுவிட்டார்கள். "இது நியாயமா அம்மா?" என்று கேட்டிருந்தாய். எனக்கும் முதலில் மனசு கசந்தது. 1861-இல் அந்தக் கரையில் தங்கியவர் அவர். தான் மூட்டிய அடுப்புத் தீ கைமீறிக் காட்டைப் பிடித்ததையும், படகில் உட்கார்ந்து நான்கு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தவறுதலாக நடந்தது, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உன் கடிதத்துக்குப் பிறகு, ஏரியின் பெயரைப் பற்றி அவர் எழுதிய இடத்தைத் தேடிப் படித்தேன். தாஹோ என்றால் வெட்டுக்கிளி சூப்பாம். அதோடு விடாமல் அந்த மண்ணின் மக்களையே இழிவாகப் பேசியிருக்கிறார். அன்றைக்கு இது என் கண்ணில் படாமல் போனதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தாஹோ என்பது வாஷோ மொழியில் ஏரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஏரியை ஏரி என்றே கூப்பிட்டிருக்கிறார்கள், கண்ணு. வீட்டில் அம்மாவை அம்மா என்று மட்டும் கூப்பிடுவதுபோல. அந்தப் பெயரைப் பழித்தவரின் பெயரை அதே கரையில் எழுதி வைத்தால் அவர்கள் தினமும் எப்படிப் படிப்பார்கள்?

இன்னொன்றும் தெரியுமா? ஜான் பிக்லர் என்ற கலிஃபோர்னியா ஆளுநரின் பெயரை 1870-இல் சட்டம் போட்டே அந்த ஏரிக்கு வைத்தார்கள். ஜனங்கள் வாயில் அது நிற்கவில்லை. 1945-இல் சட்டமும் தாஹோவுக்கே திரும்பியது.

ட்வைன் மேல் எனக்குள்ள பிரியம் அப்படியேதான் இருக்கிறது, அவர் புத்தகம் என் தலைமாட்டில்தான் கிடக்கிறது. ஆனால் அந்தக் குழு செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

அடுத்த முறை அங்கே போகும்போது, வாஷோ மக்கள் யாராவது அந்த ஏரியின் பெயரைத் தங்கள் மொழியில் சொல்லக் கேட்டால், அனுமதி வாங்கிக்கொண்டு பதிவு செய்து அனுப்பு. எனக்கு அதைச் சரியாகச் சொல்லப் பழக வேண்டும்.

அன்புடன்,
அம்மா